குறைந்த வாட்டுக்கு எந்த ஹேண்டி (கையடக்க வயர்லெஸ் செட்) வாங்கினீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலத்திலிருந்து:

அண்மையில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கிய தம்பி ஒருவர் போனில் கேட்டார். "அண்ணா, விலை குறைவா ஒரு ஹேண்டி சொல்லுங்க, எட்டு வாட், பத்து வாட்னு போட்டிருக்கானே, எது நல்லது?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சேருங்கள், புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும்.

வாட்டைப் பார்த்து வாங்க வேண்டாம் என்பதுதான் நான் அவரிடம் முதலில் சொன்னது. அதை நான் கற்றுக்கொண்டது ஏற்காட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பரும் சேர்வராயன் கோயில் மலைக்குப் போனோம். என் கையில் மூவாயிரத்துக்கும் குறைவாக வாங்கிய ஹேண்டி (பெயர் வேண்டாம்), அவர் கையில் பதினைந்து வருடம் பழைய ஜப்பான் செட். இரண்டையும் ஒரே அலைவரிசையில் வைத்துக் காத்திருந்தோம். ஈரோட்டில் மொட்டை மாடியிலிருந்து இன்னொரு நண்பர் கூப்பிடுகிறார், ஜப்பான் செட்டில் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கிறது, என் செட்டில் சத்தமே இல்லை. ஸ்க்வெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கிவைப்பது) திறந்தால் வெறும் இரைச்சல். செட் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் பக்கத்தில் நின்ற டவர் கண்ணில் படாதபடி சரிவின் மறுபக்கம் கொஞ்சம் இறங்கி, ஒரு பெரிய பாறையை நடுவில் விட்டு நின்றதும் அதே செட்டில் ஈரோடு தெளிவாக வந்தது.

காரணம் இதுதான். விலை குறைந்த செட்டுகள் பலவற்றில் ரிசீவர் மொத்தமும் ஒரே சில்லுக்குள் அடங்கிவிடுகிறது, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய வடிகட்டி பெயருக்குத்தான் இருக்கும். பக்கத்தில் பலமான டவர் இருந்தால் அந்தச் சிக்னலே உள்ளே புகுந்து ரிசீவரை அமுக்கிவிடும், தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் காதுக்கு வராது. அந்த இடத்தில் எட்டு வாட் இருந்து என்ன பயன், எதிராளி சொல்வது நமக்குக் கேட்க வேண்டுமே. கிராமத்தில், தோட்டத்தில், டவர் இல்லாத மலையில் இதே செட் நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே நின்று பேசப் போகிறோம் என்று யோசித்த பிறகு காசைக் கொடுங்கள்.

அன்று இன்னொன்றும் செய்தோம். பேசிக்கொண்டே 4 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு இறக்கினேன், ஈரோட்டு நண்பரிடம் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். "கொஞ்சம்கூடத் தெரியலையே" என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: பவர் நான்கில் ஒரு பங்கானால் 6 டெசிபெல் குறையும், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் அது ஒரே ஒரு படி. தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12-ஆல் பெருக்கினால், இந்த செட்டுகளின் அலைகளுக்கான அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். அந்த மலை சமவெளியிலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம், ஆக 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே செட்டைத் தரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீட்டர்தான். 1 வாட்டிலேயே பேசியதால் மாலை இறங்கும்போதும் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது.

மிச்சப்படும் காசை ஆன்டெனாவுக்குப் போடுங்கள். கூட வரும் குட்டி ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நீளமான ஒன்று மாட்டினாலே பெரிய மாற்றம் தெரியும். ஆனால் வாங்குவதற்கு முன் செட்டின் தலையில் ஊசி இருக்கிறதா துளை இருக்கிறதா என்று பாருங்கள், சீன செட்டுகள் பலவற்றில் ஊசி, ஜப்பான் செட்டுகளில் துளை. நான் பார்க்காமல் வாங்கிய ஒன்று இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

கோவையிலிருந்து:

ஓஎம் (ஹாம் நண்பர்களை நாங்கள் அழைப்பது இப்படித்தான்), அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் வைத்திருப்பது குவான்ஷெங் யூவி-கே5. யூஎஸ்பி-சி கேபிளிலேயே சார்ஜ் ஏறுவது பயணத்துக்கு ரொம்ப வசதி, பவர் பேங்க் போதும். ஆர்வலர்கள் எழுதிய ஃபர்ம்வேரை (செட்டை இயக்கும் மென்பொருள்) ஏற்றினால் 1 வாட்டுக்குக் கீழேயும் பல படிகள் வைத்துக்கொள்ளலாம், குறைந்த பவரில் பேசிப் பழகுபவர்களுக்கு அது வரம்.

இதை வைத்து விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரில் (கேட்டதை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) பேசிவிட்டேன் என்றால் வீட்டில் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அனுப்புவது 145.990 மெகாஹெர்ட்ஸ், கேட்பது 437.800, ரிப்பீட்டரைத் திறக்க குரலோடு சேர்த்து அனுப்பும் டோன் 67 ஹெர்ட்ஸ். அது வேகமாகப் போவதால் கேட்கும் அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் 437.810-இல் தொடங்கி 5 கிலோஹெர்ட்ஸ் குறைத்துக் குறைத்து 437.790 வரை ஐந்து மெமரிகள் போட்டுவைத்தேன். தலைக்கு மேலே வரும்போது சுமார் 400 கிலோமீட்டர் தூரம்தான், நடுவில் மலையோ கட்டடமோ எதுவும் இல்லை! பவரை 5 வாட்டில் வைத்து, கையில் ஒரே திசையை நோக்கி அனுப்பும் சின்ன யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நான்காவது நாள்தான் பதில் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த செட்டுகள் நமக்கு அனுமதி இல்லாத அலைவரிசைகளிலும் அனுப்பும். நமக்குக் கொடுத்திருப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். அதற்கு வெளியே பிடிடி (அழுத்திப் பேசும் பட்டன்) அழுத்தினாலும் அனுப்பாதபடி முதல் நாளே பூட்டிவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

சார், எனக்கு ஹாம் உரிமம் இல்லை. தென்னந்தோப்பில் மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவே பேசத்தான் தேவை, அங்கே போன் சிக்னல் கிடைக்காது. முதலில் நானும் 5 வாட் செட் வாங்கப் போனேன், உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே தவறு என்று தெரிந்தவர் ஒருவர் தடுத்துவிட்டார். அதனால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் வேலை செய்யும் அரை வாட் ஜோடி வாங்கினேன். இதற்கு உரிமம் வேண்டாம், ஆனால் செட்டுக்கு ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்ற முடியாது. தோப்புக்குள் ஒரு கிலோமீட்டர் தாராளமாகக் கேட்கிறது, மழை நாளில் இலை நனைந்திருந்தால் கொஞ்சம் கரகரக்கும். அப்பாவுக்கு எழுபது வயது, பட்டனை அழுத்திப் பேச ஒரே நாளில் பழகிவிட்டார். இப்போது "மோட்டாரை நிறுத்துடா" என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடிவர வேண்டிய அவசியமில்லை.

மறுபடி சேலத்திலிருந்து:

பொள்ளாச்சி நண்பரே, சரியாகச் செய்தீர்கள். அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய செட் தேவையே இல்லை. ஆசை வந்தால் தேர்வும் எழுதுங்கள், 12 வயது ஆனவர்கள் யாரும் எழுதலாம், தொடக்க நிலைக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கோவை ஓஎம், செலவில்லாத ஒன்றும் செய்து பாருங்கள். 49 சென்டிமீட்டர் வயரை ஆன்டெனாவின் அடியில் உலோக வளையத்தோடு சேர்த்துச் சுற்றித் தொங்கவிடுங்கள், டைகர் டெயில் என்று சொல்வார்களே, அதுதான். 2 மீட்டர் பேண்டில் (144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ்) ரப்பர் ஆன்டெனாவுக்கே புது உயிர் வந்ததுபோல இருக்கும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலையில் இருப்பேன், இந்தத் தடவை டவர் பக்கம் போகாமல். 1 வாட்டில் கூப்பிடுகிறேன், கேட்டால் பதில் சொல்லுங்கள். 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்துகள்).