புதுப்பிப்பு: புதுப்பித்த ஒரு பெட்ரூம் வீட்டை எடுத்துவிட்டேன்

கலகலப்பான தெருவில் புதுப்பித்த வீடு ஒன்று பிடித்திருக்கிறது, ராத்திரி சத்தமும் புது பெயின்ட்டுக்கு அடியில் ஈரமும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. குடிவந்து மூன்று வாரம் ஆகிறது.

பெரிதும் உதவியது, "சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு பெட்ரூமில் பேசாமல் உட்காருங்கள்" என்ற யோசனைதான். பகலில் தெரியாத சத்தம் அப்போது தெரிந்தது. அது கண்ணாடி வழியாக வரவில்லை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கையை வைத்தால் காற்று சில்லென்று பட்டது. காற்று நுழையும் வழியில் சத்தமும் நுழையும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொன்னதால், ஓனர் சிலிகான் வைத்து அடைத்து, ஜன்னல் கதவு ஓரத்தில் ரப்பர் பட்டையும் ஒட்டித் தந்தார். பைக் சத்தம் இன்னும் கேட்கிறது. பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது, நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஈரம் எங்கும் இல்லை.

எதிர்பாராதது தண்ணீர். சமையலறைக் குழாயைத் திறந்தால் ஷவர் நூல் மாதிரி இறங்குகிறது. டைல்ஸும் குழாயும் புதுசு, சுவருக்குள் ஓடுவது பழைய இரும்பு பைப்; உள்ளே துரு அடைத்திருக்கிறது என்றார் பிளம்பர். சாவி வாங்கிய அன்று எடுத்த வீடியோவில் இது பதிவாகியிருந்ததால் (அதுவும் உங்கள் யோசனைதான்) ஓனர் மறுக்கவில்லை, மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள்.