வாய்ஸ்மெயில் வந்தும் போன்ல சிவப்பு லைட் எரியல, ரிசப்ஷன் போன்ல மட்டும் அணையவே மாட்டேங்குது

நூல்மில்_ஐடி:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஐடி பாக்கறேன், அதுக்கு ஆளு நான் ஒருத்தன்தான். மெயின் ஆபீஸ்லயும் ஊருக்கு வெளிய இருக்கற, துணிக்கு சாயம் போடற டையிங் யூனிட்லயும் சேத்து 26 ஐபி போன் இருக்குது. கால் எல்லாத்தையும் பாத்துக்கற பழைய சர்வர் ஆஸ்டரிஸ்க் 13ங்கற சாஃப்ட்வேர், அதுல போனை இணைக்கற சான்சிப்ங்கற பகுதில வருஷக்கணக்கா ஓடிட்டு இருந்துச்சு, போன மாசம்தான் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 (ஆஸ்டரிஸ்க்கை வெப் பக்கத்துல செட் பண்றது), ஆஸ்டரிஸ்க் 22ன்னு புதுசா போட்டோம். சான்சிப்பை ஆஸ்டரிஸ்க் 21லயே எடுத்துட்டாங்க, அதனால எல்லா எக்ஸ்டென்ஷனையும் அதுக்குப் பதிலா இருக்கற பிஜேசிப்புக்கு மாத்த வேண்டியதா போச்சு. கால் போறது வர்றதுல ஒரு குறையும் இல்ல. பிரச்சனை வாய்ஸ்மெயில் லைட்லதான்.

நம்ம ஊர்ல யாரு வாய்ஸ்மெயில் கேக்கறாங்கன்னு நினைப்பீங்க, ஆனா எங்களுக்கு அமெரிக்கா பையர்ங்க, அவங்க மதியம் கூப்புடறப்ப இங்க நடுராத்திரி, மெசேஜ் வெச்சிட்டு போயிடுவாங்க, காலைல மெர்ச்சண்டைசர் வந்து உக்காந்ததும் போன் தலைல சிவப்பு லைட் மின்னுதான்னுதான் மொதல்ல பாப்பாங்க, அந்தப் பழக்கம் பல வருஷமா இருக்குது. போன வாரம் ஒரு பையர் கலர் மாத்தச் சொல்லி வெச்ச மெசேஜை ரெண்டு நாள் யாருமே கேக்கல, துணி அதுக்குள்ள டையிங்குக்கு போயிடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, லைட் எரியல, அவ்ளோதான், ஆனா திட்டு வாங்கினது அவங்க. அதான் எனக்கு மனசே ஆறல, எப்படியாவது சரி பண்ணணும்.

இப்ப நெலமை என்னன்னா, மெர்ச்சண்டைசிங் செக்‌ஷன் போன் எதுலயும் லைட் எரியறதே இல்ல, மெசேஜ் மெயில்பாக்ஸ்ல இருக்குது, ஸ்டார் 97 போட்டா கேக்குது. டையிங் யூனிட் போன்ல ரீபூட் பண்ணா எரியுது, அப்பறம் புது மெசேஜ் வந்தா ஒண்ணும் ஆகறதில்ல. ரிசப்ஷன்ல இதுக்கு நேர் எதிரு, மெயில்பாக்ஸ்ல ஒரு மெசேஜும் இல்ல, லைட் மட்டும் மின்னிட்டே இருக்குது, ரீபூட் பண்ணாலும் திரும்ப மின்னுது. எல்லாத்துக்கும் ஒரே காரணமா இருக்குமா? போன் கம்பெனி ஆளுங்க ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்கன்னு மட்டும் சொல்றாங்க, பண்ணியாச்சு, ஒண்ணும் மாறல.

கேபிள்ராஜா:

தம்பி, டையிங் யூனிட் வேற இன்டர்நெட் லைன்ல இருக்குன்னா அது கண்டிப்பா நேட் பிரச்சனை, அதாவது ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கற போனுக்கு வெளியேருந்து தகவல் போய்ச் சேராதது. ரீபூட் பண்ணதும் போன் ரிஜிஸ்டர் ஆகுது, அந்த நேரத்துல சர்வர் மெயில்பாக்ஸ் நிலவரத்தை ஒரு தடவை அனுப்பிடும், அதான் அப்ப மட்டும் எரியுது. அப்பறம் ரவுட்டர் தகவல் வர்ற அந்த யூடிபி வழியை மூடிடுது, சர்வர் அனுப்பறது போய்ச் சேராது. மொதல்ல ரவுட்டர்ல சிப் (ஐபி போனும் சர்வரும் பேசிக்கற முறை) மெசேஜை நடுவுல மாத்தற சிப் ஏஎல்ஜின்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. மத்த ரெண்டும் எனக்குப் பிடிபடல.

பாக்கெட்_பார்ப்பவன்:

நேட்னு இப்பவே முடிவு கட்டிட வேண்டாம் அண்ணா. வழி மூடிப் போச்சுன்னா கால் மட்டும் எப்படி உள்ள வரும்? கால் நல்லா வருதுன்னு கேக்கறவரே சொல்றாரு. அதனால அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும், டையிங் யூனிட்டுக்கு வெளியேருந்து கூப்பிட்டா எப்பவுமே ரிங் ஆகுதா, இல்ல சில சமயம் ரிங்கே ஆகாம நேரா வாய்ஸ்மெயில் போகுதா? இதை அந்த யூனிட் ஆளுங்ககிட்டயே கேட்டுச் சொல்லுங்க ஜி.

இந்த லைட்டுக்குப் பின்னாடி நடக்கறது ரொம்ப சின்ன விஷயம்தான். மெயில்பாக்ஸ்ல எண்ணிக்கை மாறினா சர்வர் போனுக்கு நோட்டிஃபைன்னு ஒரு சிப் மெசேஜ் அனுப்பும், 2004லயே ஆர்எஃப்சி 3842ன்னு எழுதி வெச்சிட்டாங்க. அதுக்குள்ள மெசேஜஸ் வெயிட்டிங் எஸ்ஸா நோவா, எத்தனை புதுசு எத்தனை பழசுன்னு ரெண்டு வரி, 2/8ன்னு இருந்தா ரெண்டு புதுசு எட்டு பழசு. போன் அதைப் பாத்துதான் லைட்டைப் போடும். அதனால லைட்டைப் பாத்து யோசிச்சா எங்கயும் போய்ச் சேர மாட்டீங்க, மூணு எடத்துல பாக்கணும். சர்வருக்கு எண்ணிக்கை சரியா தெரியுதா, நோட்டிஃபை கெளம்புச்சா, போன் அதுக்கு என்ன பதில் சொல்லுச்சு. ஆஸ்டரிஸ்க் கன்சோல்ல வாய்ஸ்மெயில் ஷோ யூசர்ஸ்னு போட்டா முதல் கேள்விக்கு பதில் வந்துரும், மத்த ரெண்டுக்கும் சிப் மெசேஜ் போறது வர்றதைக் காட்டற எஸ்என்கிரெப்ங்கற டூலை ஓட விட்டுட்டு ஒரு டெஸ்ட் மெசேஜ் வெச்சுப் பாருங்க. மெர்ச்சண்டைசிங் போன் ஒண்ணுக்கு இதைப் பண்ணிட்டு போன் என்ன நம்பர் திருப்பி அனுப்புதுன்னு மட்டும் இங்க எழுதுங்க, 200ஆ (வாங்கிட்டேன்னு அர்த்தம்) 481ஆ வேற எதுவுமான்னு.

நூல்மில்_ஐடி:

ரொம்ப நன்றிங்க. பாத்தேன். மெர்ச்சண்டைசிங் போன்ல நோட்டிஃபை போகுது, போன் 481 அனுப்புது. அதோட ஆஸ்டரிஸ்க் லாக்ல அந்த எக்ஸ்டென்ஷன் பேரைப் போட்டு, இது ஏற்கனவே அன்சாலிசிட்டட் எம்டபிள்யூஐக்கு (போன் கேக்காமலே சர்வர் அனுப்பற வாய்ஸ்மெயில் லைட் தகவல்) செட் ஆகியிருக்கு, சப்ஸ்கிரிப்ஷனை மறுக்கறேங்கற மாதிரி ஒரு வரி திரும்பத் திரும்ப வருது, இத்தனை நாளா அதை நான் கண்டுக்கவே இல்ல.

டையிங் யூனிட்ல கேட்டேன், நீங்க சொன்னது அப்படியே இருக்குது. சில சமயம் கூப்பிட்டா ரிங்கே ஆகாம நேரா வாய்ஸ்மெயில் போயிடுதாம், கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிட்டா ரிங் ஆகுதாம். என்கிட்ட முன்னாடியே சொன்னாங்க, நான்தான் அது வேற விஷயம்னு தனியா எழுதி வெச்சிருந்தேன். ரிசப்ஷன் மெயில்பாக்ஸுக்கு புது மெசேஜ் ஜீரோன்னுதான் காட்டுது.

பாக்கெட்_பார்ப்பவன்:

அப்ப மூணும் தனித்தனிங்க. ஒரே மாசத்துல வந்ததால ஒண்ணு மாதிரி தெரியுது.

மெர்ச்சண்டைசிங்: 481ன்னா போன் சொல்றது, இப்படி ஒரு சப்ஸ்கிரிப்ஷனே என்கிட்ட இல்லையேன்னு. உங்க போன்ல சப்ஸ்கிரைப் ஃபார் எம்டபிள்யூஐன்னு ஒரு ஆப்ஷன் ஆன்ல இருக்கு, போன் சர்வர்கிட்ட போய் எனக்கு தகவல் கொடுன்னு முறையா கேக்குது, சர்வரோ நான் கேக்காமலே அனுப்பிட்டுதானே இருக்கேன்னு அதை மறுத்துடுது, அப்பறம் கேக்காம அனுப்பறதை போன் வாங்கிக்க மாட்டேங்குது. ரெண்டு பேரும் கதவைத் தட்டிக்கிட்டே நிக்கறாங்க, யாரும் திறக்கல. கேக்காம வர்றதையும் வாங்கிக்கற போன் நெறைய உண்டு, உங்களது அப்படி இல்ல. பிஜேசிப்ல மெயில்பாக்ஸை எண்ட்பாயிண்ட்ங்கற பகுதில (போனோட செட்டிங்ஸ்) எழுதினா கேக்காம அனுப்பும், ஏஓஆர்ங்கற பகுதில (போன் எங்க இருக்குன்னு வெச்சிருக்கறது) எழுதினா கேட்டாதான் அனுப்பும், பழைய சான்சிப்ல இப்படி ரெண்டா பிரிச்சு எழுதற வேலை இல்ல, அதான் மாத்தினதும் வந்துச்சு. ஃப்ரீபிபிஎக்ஸ்ல எக்ஸ்டென்ஷனோட அட்வான்ஸ்டு பக்கத்துல எம்டபிள்யூஐ சப்ஸ்கிரிப்ஷன் டைப் இருக்கும், அதை சாலிசிட்டட் (போன் கேட்டா மட்டும் அனுப்பறது) ஆக்கிட்டு போனை ரீபூட் பண்ணுங்க. அப்படியும் எரியலன்னா சப்ஸ்கிரைப் எந்த நம்பருக்கு போகுதுன்னு பாருங்க, சில போன்ல வாய்ஸ்மெயில் நம்பருக்கே சப்ஸ்கிரைப் பண்ற மாதிரி இன்னொரு ஆப்ஷன் இருக்கும், அது ஆன்ல இருந்தா ஸ்டார் 97க்கு போய் 404 (அப்படி ஒண்ணு இல்லங்கற பதில்) வாங்கிட்டு வரும். எக்ஸ்டென்ஷன் நம்பருக்குத்தான் போகணும்.

டையிங் யூனிட்: கேபிள்ராஜா அண்ணா சொன்னதுதான் சரி, நான் சந்தேகப்பட்டது அந்த ஒரு தகவல் தெரியாததால. வழி மூடினதும் சர்வர் அந்த போனை அன்அவெயில் (கிடைக்கல)னு குறிச்சுக்கும், அப்ப கால் வந்தா ரிங் அடிக்காம வாய்ஸ்மெயிலுக்கு தள்ளிடும், அதே நேரம் லைட்டுக்கான தகவலும் போகாது. பாருங்க, லைட் ரொம்ப தேவைப்படற நேரத்துலதான் எரியல. பிஜேசிப் ஷோ காண்டாக்ட்ஸ் போட்டா கண்ணாலயே தெரியும். குவாலிஃபை ஃப்ரீக்வென்சி (போன் இருக்கான்னு சர்வர் எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை பாக்குதுங்கறது) 60ன்னு இருந்தா 30 ஆக்குங்க, வழி மூடாம இருக்க போன் பக்கம் கீப்அலைவும் ஆன் பண்ணுங்க, ஏஎல்ஜியை அண்ணா சொன்னபடி ஆஃப் பண்ணுங்க.

ரிசப்ஷனுக்கு ஒரு கேள்வி இருக்கு. பழைய மெசேஜை அழிக்க எதாவது ஸ்கிரிப்ட் ஓடுதா?

மலைரோட்டு_டெக்:

ஊட்டில ஹோட்டல் லைன்ல இருக்கேன், ரிசப்ஷன் கதை எங்களுக்கும் நடந்தது. எங்க ஆளுங்க ஈமெயில்ல வர்ற ஆடியோ ஃபைலைக் கேட்டுட்டு அதோட முடிஞ்சுதுன்னு இருந்துட்டாங்க, ஆனா ஈமெயில்ல கேட்டா மெயில்பாக்ஸ்ல அது புது மெசேஜாவேதான் இருக்கும், லைட் எப்படி அணையும். உங்களுக்கு ஜீரோ காட்டுதுன்னா அது இல்ல, ஆனா மத்த போன்ல இது நாளைக்கு வரும், இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருங்க.

நூல்மில்_ஐடி:

ஸ்கிரிப்ட் இருக்குதுங்க! பழைய சர்வர்லேருந்து கிரானை (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடற வேலை) அப்படியே எடுத்துட்டு வந்தேன், ராத்திரி 2 மணிக்கு ரிசப்ஷன் மெயில்பாக்ஸ்ல 30 நாளைக்கு மேல ஆன ஃபைலை எல்லாம் ஆர்எம் போட்டு அழிக்கும். அதுவா காரணம்?

பாக்கெட்_பார்ப்பவன்:

அதேதான். ஃபோல்டர்லேருந்து நீங்க நேரா ஃபைலை அழிச்சா ஆஸ்டரிஸ்க்குக்கு தெரியாது, அது கடைசியா எண்ணி வெச்ச கணக்கையே போன் ரிஜிஸ்டர் ஆகறப்ப எல்லாம் திரும்பச் சொல்லும், அதான் ரீபூட்லயும் போகல. கன்சோல் ஜீரோன்னு சொல்றது அது அந்த நேரத்துல ஃபோல்டரைப் போய் எண்ணிச் சொல்றதால. இப்போதைக்கு ரிசப்ஷனுக்கு ஒரு டெஸ்ட் மெசேஜ் வெச்சு, ஸ்டார் 97ல கேட்டு அழிச்சிருங்க, அப்ப மறுபடி எண்ணும், லைட் அணைஞ்சிடும். நிரந்தரமா வேணும்னா வாய்ஸ்மெயில் செட்டிங்ஸ்ல போல்மெயில்பாக்ஸஸ் எஸ்னு கொடுங்க, போல்ஃப்ரீக் 30ன்னு இருந்தா 30 செகண்டுக்கு ஒரு தடவை அதுவே போய்ப் பாத்துக்கும். ஆனா என் யோசனை, அந்த ஸ்கிரிப்டையே நிறுத்திருங்க. நடுவுல ஒரு ஃபைல் போனா மெசேஜ் வரிசை நம்பர்ல ஓட்டை விழும், 30 நாள் ஆயிடுச்சுன்னு யாரும் கேக்காத மெசேஜையும் அது சேத்து அழிக்கும். பையர் மெசேஜுக்கு இவ்ளோ கஷ்டப்படற ஆபீஸ்ல அது கூடவே கூடாது.

கேபிள்ராஜா:

தம்பி, ஏதாச்சும் அனலாக் போன் ஏடிஏ (பழைய போனை ஐபி சர்வரோட இணைக்கற பெட்டி) வழியா இருந்தா அதையும் பாத்துக்கங்க. அதுல லைட் எரியலன்னா ரிசீவரை எடுத்துக் கேளுங்க, டயல் டோன் மொதல்ல விட்டு விட்டு வந்துட்டு அப்பறம் நேரா ஆச்சுன்னா நோட்டிஃபை ஏடிஏ வரைக்கும் வந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல போன்ல இருக்கற விளக்கு எந்த வகைன்னு பாக்கணும், சிலது காலர்ஐடி மாதிரி எஃப்எஸ்கே சிக்னல்ல எரியும், பழைய ஹோட்டல் டைப் நியான் விளக்குக்கு 90 வோல்ட் பக்கம் கொடுக்கணும், எல்லா ஏடிஏவும் அதைக் கொடுக்காது.

நூல்மில்_ஐடி:

நேத்து சாயங்காலம் உக்காந்து எல்லாத்தையும் பண்ணிட்டேனுங்க. மெர்ச்சண்டைசிங்ல 11 போனையும் சாலிசிட்டட் ஆக்கி ரீபூட் பண்ணேன், 9ல உடனே வந்துச்சு, ரெண்டுல நீங்க சொன்ன அந்த 404 அப்படியே வந்துச்சு, வாய்ஸ்மெயில் நம்பருக்கு சப்ஸ்கிரைப் பண்றதை ஆஃப் பண்ணதும் சரியாயிடுச்சு. டையிங் யூனிட் ரவுட்டர்ல ஏஎல்ஜி ஆன்லதான் இருந்துச்சு, ஆஃப் பண்ணி குவாலிஃபை 30 ஆக்கினேன், ராத்திரி பூரா காண்டாக்ட் அவெயில்லயே நின்னுச்சு, இன்னைக்கு காலைலேருந்து நேரா வாய்ஸ்மெயில் போற புகாரும் வரல. கிரானை எடுத்துட்டேன். ரிசப்ஷன் அக்கா லைட் அணைஞ்சதைப் பாத்துட்டு போன் கெட்டுப் போச்சான்னு கேட்டாங்க.

ராஜா அண்ணா, எம்டி ரூம்ல ஒரு அனலாக் போன் இருக்குது, எடுத்துக் கேட்டேன், டோன் விட்டு விட்டுத்தான் வருது. விளக்கு என்ன வகைன்னு போனைத் திருப்பிப் பாத்து திங்கக்கிழமை எழுதறேன்.

இன்னைக்கு காலைல 9 மணிக்கு அந்த மெர்ச்சண்டைசர் பொண்ணு சீட்டுக்கு வந்தப்ப அவங்க போன்ல லைட் மின்னிட்டு இருந்துச்சு. ராத்திரி அதே பையர் ஷிப்மெண்ட் தேதி கேட்டு வெச்ச மெசேஜ். டீ குடிக்கறதுக்கு முன்னாடி பதில் மெயில் போயிடுச்சு.