ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன் கையில் கிடைத்தவர்கள் உண்டா?

காவிரிக்கரை:
நியூ ஜெர்சியில் ஒரு நூலகத்தின் பழைய புத்தக விற்பனை. பெட்டியின் அடியில் கிடந்தது. அகலவாக்கில், உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஸ்டேப்ளர் பின் அடித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்ததேதான், இங்கே தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஏதோ கௌபாய் கதை, அது கிடக்கட்டும். பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் ஐந்து பெயர்கள். அடுத்து யார் படிப்பது என்கிற வரிசை. முடித்தவர் தன் பெயரை அடித்திருக்கிறார். நாலாவது பெயர் மட்டும் அடிபடவில்லை; ஐந்தாவது அடிபட்டிருக்கிறது. அந்த நாலாவது ஆள் என்ன ஆனான்? மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ரயிலடி:
அதற்குள் அவனைச் சாகடிக்காதீர்கள் சார். மாற்றலாகிப் போயிருக்கலாம், கௌபாய் கதையே பிடிக்காதவனாக இருக்கலாம். 1943 முதல் 1947 வரை 1,300 தலைப்புகளுக்கு மேல், 12 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சடித்தார்கள். வேறொன்றை எடுத்துக்கொண்டிருப்பான். குண்டு மழையில் படித்ததாகவே எல்லோரும் கற்பனை செய்கிறோம். கப்பலுக்கும் சாப்பாட்டுக்கும் உத்தரவுக்கும் காத்துக் கிடப்பதுதானே பட்டாளத்தில் பாதிப் பொழுது!

வடபழனி மாமி:
ஒஹாயோவில் இருந்தபோது எங்கள் கீழ்வீட்டில் ஒரு தாத்தா. அந்தப் போரில், பிரான்சின் நார்மண்டியில் தோளில் அடிபட்டவர். என் பையன் தடி நாவலை இரண்டு கையாலும் பிடித்துப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "நாங்கள் இப்படித்தான்" என்று ஒரு கையை மட்டும் தூக்கினார். கட்டைவிரல் முன்னால், மற்ற விரல்கள் பின்னால். புத்தகமே இல்லாமல் காற்றில் பக்கம் வேறு திருப்பினார்! ஆஸ்பத்திரியில் இன்னொரு கை கட்டுக்குள் இருந்ததாம். என்ன கதை என்று கேட்டால் 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்' என்கிறார். ஏழை வீட்டுச் சின்னப் பெண்ணின் கதை. அதை எழுதிய பெட்டி ஸ்மித்துக்குச் சிப்பாய்களின் கடிதங்கள் குவிந்ததை அப்புறம்தான் படித்தேன். ரயிலடி தம்பி, காத்துக் கிடந்தவர்கள் மட்டும் படிக்கவில்லை, வலியில் கிடந்தவர்களும் படித்தார்கள்.

நூலகப்பூனை:
சிகாகோவில் ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் சிப்பாய்ப் பதிப்பு. விலையைக் கேட்டதோடு வந்துவிட்டேன். அதைப் படித்துத்தான் போரையே ஜெயித்ததுபோல் சிலர் எழுதுகிறார்கள். 1,55,000 பிரதிகள் போனது உண்மை, ஆனால் அது வந்ததே போர் முடிந்த ஆண்டான 1945-இல்.

சரி, காவிரிக்கரை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இவை பத்திரிகை அடிக்கும் எந்திரத்தில், மேலொன்று கீழொன்றாக இரண்டு புத்தகங்களைச் சேர்த்து அச்சடித்து வெட்டியவை. தாளும் மலிவுத் தாள்தான், விரித்து அழுத்தினால் உதிரும். ஜெராக்ஸ் வேண்டாம், பாதி திறந்தபடி போனில் படம் எடுங்கள். பின் துருப்பிடித்திருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், தாளும் சேர்ந்து வரும். செல்லோடேப் கூடவே கூடாது. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் படுக்கவைத்து வையுங்கள். லேமினேஷன் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள்.