கெமிக்கல் எக்ஸாமினர்: 'வேதித்தேர்நர்' எனலாமா?

அன்புடையீர்,

ஆங்கிலேயர் ஆட்சியில் குற்ற வழக்குகளுக்காக நஞ்சு முதலியவற்றைச் சோதித்துச் சொன்ன அரசு அதிகாரியே 'கெமிக்கல் எக்ஸாமினர்'. அந்தப் பதவிக்கு 'வேதியியல் ஆய்வாளர்' போதும் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளர் என்றதும் முனைவர் பட்ட மாணவரோ காவல் நிலைய அதிகாரியோதான் நினைவுக்கு வருகிறார். இவர் செய்த வேலை வேறு.

சென்னை மாகாணத்தில் 1849-இல் இவருக்கென்று ஆய்வுக்கூடம் அமைந்தது. இந்தியாவில் அதுவே முதல். கல்கத்தாவில் 1853-இல்தான் வந்தது. பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் இரைப்பையையும் ஈரலையும் முத்திரையிட்ட போத்தலில் அனுப்புவார். பெரும்பாலும் அகப்பட்ட நஞ்சு, கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்த வெள்ளைப் பாடாணம் (ஆர்செனிக்). அதைக் கண்டுபிடிக்க 1836-இல் வந்த மார்ஷ் சோதனை இருந்தது. துத்தநாகத்தில் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் எழும். பாடாணம் கலந்திருந்தால் அதுவும் வளியாகிக் கூடவே வரும். குழாயைச் சூடாக்கினால் கண்ணாடியின் உட்புறம் கரிய, பளபளப்பான படலம் படியும். ஊமத்தை என்று ஐயம் வந்தாலோ, பிரித்தெடுத்த சாரத்தைப் பூனையின் கண்ணில் விட்டுப் பாவை விரிகிறதா என்று பார்த்தார்கள்.

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவுப்படி, இவர் கையெழுத்திட்ட அறிக்கையை, இவரைக் கூண்டில் ஏற்றாமலே அன்று சான்றாக ஏற்க முடிந்தது. ஓர் உயிர் அந்தத் தாளை நம்பி நின்றது. அந்தக் கனத்தைத் தாங்கும் சொல் நம்மிடம் உண்டு: தேர்தல், அதாவது ஆராய்ந்து தெளிதல். 'தேரா மன்னா' என்று கண்ணகி பாண்டியனைச் சாடியது எதற்காக? சான்றைத் தேராமல் தீர்ப்புச் சொன்னதற்காக. சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகே உண்மை வெளிவந்தது. போத்தலைத் திறந்து இவர் செய்ததும் அதுதான். ஆகவே என் பரிந்துரை 'வேதித்தேர்நர்'.

'இரசாயனப் பரிசோதகர்' நெடுங்கால வழக்கு என்பது சரி. ஆனால் பரிசோதகர் இன்று ரயிலில் பயணச்சீட்டுக் கேட்பவராகிவிட்டார். இலங்கை வழக்கான 'பகுப்பாய்வாளர்' நல்ல சொல். அங்கே பதவியின் பெயரே அனலிஸ்ட் என்பதால் அதை அதற்கே விட்டுவிடலாம். 'நச்சுத்தேர்நர்' என்றால் குறுகிவிடும். அபினியும் சாராயமும் இரத்தக்கறை படிந்த துணியும் அதே மேசைக்குத்தான் வந்தன.

தேர்வு எழுதும் 'தேர்வர்' குறுக்கிடுவாரே என்று கேட்கலாம். ஆளுநர், ஓட்டுநர் போல '-நர்' ஈறு வேறுபாட்டைக் காட்டிவிடும் என்று நம்புகிறேன். கூடத்துக்கு மட்டும் 'தேர்வகம்' வேண்டாம், பரீட்சை மையமாக ஒலிக்கும். 'வேதித்தேர்நர் ஆய்வுக்கூடம்' என்றே இருக்கட்டும்.