உதவி: டி அண்ட் டி-யில் குதிரை வாங்கிவிட்டு முழிக்கிறோம்

பகடைப்பையன்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதை விளையாட்டு, ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். நாலு ஆட்டக்காரர்கள், எல்லாரும் மூன்றாம் லெவல். கையில் தங்கம் சேர்ந்ததும் ஆளுக்கொரு சவாரிக் குதிரை வாங்கிவிட்டார்கள். "ஒரு முறைக்குக் குதிரை 60 அடி போகும், நாம் 30 அடி. அப்போ நாளைக்கு 48 மைல் போகலாமே" என்று ஒரே வாதம். சண்டை வந்தால் கோப்ளின் (குட்டி அரக்கன்) அம்பில் முதலில் விழுவது குதிரைதான். குகை வாசலில் கட்டிவிட்டுப் போனால் யார் காவல் என்று அரைமணி நேரப் பஞ்சாயத்து வேறு. 75 தங்கம் கொடுத்தது, பிடுங்கவும் மனசு வரவில்லை. என்ன செய்ய?

லாயக்காரன்:
அந்த 48 மைலை முதலில் தூக்கிப் போடுங்க. குதிரையில் போனாலும் சாதாரண வேகத்தில் நாளுக்கு 24 மைல்தான். சுமார் ஒரு மணி நேரம் பாய்ச்சலில் விட்டால் வேகநடையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 8 மைல் போகலாம். அவ்வளவுதான். 8-10 மைலுக்கு ஒருதரம் குதிரை மாற்றக் கிடைத்தால்தான் அதே வேகத்தில் தொடர முடியும்.

அப்புறம் 75 என்பது வெறும் குதிரைக்கு. சேணம் 10, கடிவாளம் 2, சேணப்பை 4 சேர்த்தால் 91 ஆகிறது. ஊரில் தங்கினால் லாய வாடகை ஒரு குதிரைக்கு நாளைக்கு 5 வெள்ளி. நாலுக்கும் தினம் 2 தங்கம். கறாராக வசூலியுங்க, தானாகவே விற்றுவிடுவார்கள்.

கவசராணி:
வாடகை வசூலித்து விற்க வைப்பது விளையாட்டா, தண்டனையா? சண்டையில் அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுங்க. சவாரிக் குதிரைக்கு 13 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. கோப்ளின் அம்பு சராசரியாக 5 குறைக்கும், மூன்று பட்டால் காலி. ஆனால் நாம் ஓட்டும் குதிரை டேஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகல்), டாட்ஜ் (தாக்குதலைத் தவிர்த்தல்) மூன்றில் ஒன்றைச் செய்யலாம். டாட்ஜ் சொன்னால் அம்பு எய்பவனுக்கு டிஸ்அட்வான்டேஜ், பகடையை இரண்டுமுறை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்கணும். இதை யாருமே பயன்படுத்துவதில்லை!

போர்க்குதிரை வேண்டுமென்றால் 400 தங்கம், ஆனாலும் 19 ஹிட் பாயின்ட்தான். குதிரைக் கவசம் மனிதக் கவசத்தின் நாலு மடங்கு விலை, செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) என்றால் 300. மூன்றாம் லெவலில் கட்டுப்படியாகாது. பாலடின் (மந்திரம் தெரிந்த புனித வீரன்) இருந்தால் ஐந்தாம் லெவல் வரை பொறுக்கச் சொல்லுங்க. ஃபைண்ட் ஸ்டீட் மந்திரத்தில் வரும் குதிரை செத்தால் மறுபடி அழைத்துக்கொள்ளலாம், செலவும் இல்லை.

பகடைப்பையன்:
பாலடின் இல்லைங்க, காட்டு வேட்டைக்காரனான ஒரு ரேஞ்சர்தான். குகைக் காவலுக்கு?

லாயக்காரன்:
கூலிக்கு ஒரு பையன், நாளைக்கு 2 வெள்ளி. அவனுக்கு ஒரு பேர் வைத்து, சரியான வாயாடியாக ஆக்கிவிடுங்க. இரண்டாவது செஷனில் குதிரையை விட அவன்மேல்தான் எல்லாருக்கும் அக்கறை இருக்கும். ஆனால் ஓநாய் விட்டு அவனைக் கொல்லாதீங்க, அப்புறம் குகைக்குள் யாரும் போக மாட்டார்கள்.

கவசராணி:
இதில் நானும் சேர்கிறேன். அடுத்த முறை குதிரைக்குப் பதில் கோவேறு கழுதை வாங்கச் சொல்லுங்க. 8 தங்கம்தான், 420 பவுண்டு சுமக்கும். 15 தங்கத்துக்கு ஒரு வண்டியும் பூட்டினால் ஐந்து மடங்கு இழுக்கும், வண்டி எடையும் சேர்த்து 2,100 பவுண்டு.

பகடைப்பையன்:
இரண்டு குதிரையை விற்றுக் கழுதை வண்டி வாங்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். ரேஞ்சர் மட்டும் தன்னுடையதைத் தர மாட்டானாம், பேர் வைத்துவிட்டானாம்.