நாலு நொடி வயலினும் பூம்பாறைத் தவிலும்

பள்ளங்கி பீட்ஸ்:
ஒரு நியாயம் சொல்லுங்கள். அப்பாவின் பழைய கேசட்டில் இருந்த சினிமாப் பாட்டிலிருந்து நாலே நாலு நொடி வயலினை வெட்டி, வேகத்தைக் குறைத்து, அடியில் பேஸ் (கனமான கீழ் ஒலி) கொடுத்து ஒரு பாட்டு செய்தேன். யூடியூபில் ஏற்றிய சூட்டோடு காப்பிரைட் க்ளைம் வந்துவிட்டது. என் பாட்டை வெளியிடுவதாக இருந்த சின்ன லேபிளும் இப்போது யோசிக்கிறது. சில நொடி எடுத்தால் தப்பில்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

மூஞ்சிக்கல் கேசட்:
தப்பே இல்லை தம்பி. 80களில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார்கள், 60 நிமிட கேசட்டில் பதிந்து தருவேன். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டைக்கு வருவார்களே தவிர, உரிமை கேட்டு ஒருவரும் வந்ததில்லை. காற்றில் வருகிற பாட்டுக்கு வேலியா?

வத்தலக்குண்டு வக்கீல்:
அண்ணே, பிடிபடாதது வேறு, தப்பில்லாதது வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நொடிக் கணக்கே கிடையாது. ஒரு பாட்டில் மெட்டு ஒரு சொத்து, பதிவு இன்னொரு சொத்து. பதிவுக்கு, வெளியான பிறகு 60 வருடம். மெட்டுக்கு, போட்டவர் இறந்த பிறகு 60 வருடம். கொடைக்கானல் குணா குகையை வைத்து 2024இல் வந்த மஞ்ஞும்மல் பாய்ஸ் படத்தில் தன் பாட்டைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். பாட்டு 1991இல் வந்த குணா படத்துடையது. ஆடியோ கம்பெனியிடம் உரிமை வாங்கிவிட்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. மெட்டுக்காரர் ஒருவர், பதிவுக்காரர் ஒருவர் என்றால் இப்படித்தான் இழுக்கும். அமெரிக்காவிலும் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 2005இல் இரண்டு நொடி கிட்டாருக்கே லைசென்ஸ் வாங்கு என்றது ஒன்று. 2016இல், மடோனா பாட்டில் இருந்த கால் நொடிக்கும் குறைவான ஹார்ன் ஒலியைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது இன்னொன்று.

பள்ளங்கி பீட்ஸ்:
அப்போது பணம் உள்ளவன் மட்டும்தான் இப்படிப் பழைய பாட்டிலிருந்து துண்டு, அதாவது சாம்பிள், எடுக்கலாமா? 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வாசித்த ஆறேழு நொடி டிரம்ஸ்தான் ஆமென் பிரேக். அதை வெட்டி ஒட்டித்தான் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்கிற நடன இசை வகைகள் எல்லாம் வளர்ந்தன. சரி, வயலினை எடுத்துவிட்டேன். பூம்பாறைத் தேருக்குப் போனபோது போனில் பதிந்த தவிலை அந்த இடத்தில் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கிற துண்டு) போட்டு லேபிளுக்கு அனுப்பியாயிற்று. இதற்கு எந்தக் கம்பெனி வரப்போகிறது?

மேல்மலை தவில்:
லிங்க் கொடுங்கள் தம்பி, கேட்கிறேன்.

மேல்மலை தவில்:
கேட்டேன். நாற்பதாவது நொடியில் வலந்தலை, அதாவது தவிலின் வலப்பக்கம், தொய்ந்து ஒலிக்கிறதே, அது என் சித்தப்பா. அன்று மேகம் இறங்கி எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. ஈரத்தில் தோல் இளகிவிட்டது. வாரை இழுத்துக் கட்டுவதற்குள் தேர் நகர்ந்துவிட்டது, அப்படியே வாசித்தார். விரலில் மாட்டுகிற கூடு நழுவிய இடம்கூட உங்கள் லூப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆமென் பிரேக் என்றீர்களே, அதை வாசித்த கிரெகரி கோல்மன் ராயல்டி என்று ஒரு பைசா பார்க்காமல் 2006இல் இறந்தார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கம்பெனியின் நாலு நொடிக்குப் பயந்தீர்கள். எங்கள் வாசிப்புக்குப் பெயர்கூடப் போடவில்லை.

மூஞ்சிக்கல் கேசட்:
சாமிக்கு வாசித்தது ஊருக்கே பொது. இதற்குமா கணக்கு?

மேல்மலை தவில்:
சாமிக்குத்தான் வாசித்தோம், லேபிளுக்கு இல்லை. மலைப்பூண்டுக்கே 2019இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, ஊர்ப் பெயர் சொல்லி விற்கிறார்கள். தவில்காரன் பெயரைக் கேட்டால் மட்டும் கசக்கிறதா அண்ணே?

வத்தலக்குண்டு வக்கீல்:
பழைய சொற்கட்டு, அதாவது தாளத்தின் அடி வரிசை, யாருக்கும் தனிச் சொத்தில்லை. ஆனால் அன்றைய வாசிப்பு வாசித்தவருடையது. கலைஞருக்கு அதில் 50 வருடம் உரிமை உண்டு. போனில் பதிந்து வீட்டில் கேட்கலாம். விற்க அவர் சம்மதம் வேண்டும். பீட்ஸ் தம்பி, சாம்பிளுக்கு யார் பொறுப்பு என்று லேபிள் ஒப்பந்தத்தில் இருக்கும், பாருங்கள்.

பள்ளங்கி பீட்ஸ்:
பார்த்தேன். நான்தான். வழக்கு வந்தால் லேபிளின் செலவையும் நானே கொடுக்க வேண்டுமாம். அவர்களும் மூன்று பேர், ஒரு லேப்டாப். குறை சொல்லவும் மனம் வரவில்லை. வெளியீட்டை நிறுத்தச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன். தவில் அண்ணே, சித்தப்பாவை எங்கே பார்க்கலாம்?

மூஞ்சிக்கல் கேசட்:
இப்படி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றால் பாட்டு எப்போது போடுவது? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேல்மலை தவில்:
ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கொடைக்கானல் வருவார். பாதிப் பங்கு கேட்பார், பேசிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொய்ந்த அடியை மட்டும் வெளியிட விடவே மாட்டார்.