ஓவிய ஏலத்துக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

தேவிபட்டினத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சமகால ஓவியங்களை ஏலம் விடும் ஒரு நிகழ்வின் விற்பனை நிபந்தனைகளைத் தமிழில் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட் (உருவங்களை அப்படியே வரையாத ஓவியம்), ரிசர்வ் பிரைஸ், ஹாமர் பிரைஸ், பையர்ஸ் பிரீமியம் ஆகிய சொற்களில் வண்டி நின்றுவிட்டது.

ரிசர்வ் என்பது விற்பவரும் ஏல நிறுவனமும் மட்டும் அறிந்த அடிமட்ட விலை. யாரும் அதுவரை கேட்காவிட்டால் படம் விற்காது. பட்டியலில் அச்சிடும் மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கு மேல் அதை வைப்பதில்லை. ‘ஒதுக்கீட்டு விலை’ என்று எழுதினால் படிக்கிறவர் இடஒதுக்கீட்டை நினைத்துக்கொள்வார்.

ஹாமர் என்பது சுத்தியல் விழும்போது நிற்கும் தொகை. வாங்கியவர் அதன்மேல் நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட விழுக்காடு கட்ட வேண்டும், அதுதான் பிரீமியம். 2024 நவம்பரில் நியூயார்க் சதபீஸ் ஏல நிறுவனத்தில், சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் (மவுரிசியோ கட்டெலானின் படைப்பு) 52 லட்சம் டாலரில் முடிந்தது. வாங்கியவர் கட்டியதோ 62 லட்சத்துக்கும் மேல். ஆகவே ‘இறுதி விலை’ என்று எழுத வழியில்லை.

பரமக்குடியிலிருந்து:

அன்புடையீர், முதலில் ஏலம் என்ற சொல்லையே பார்த்துவிடுவோம். ஆழ் – ஆழம், நீள் – நீளம், ஏல் – ஏலம். ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளில் பிறந்த தூய தமிழ்ச்சொல். சுத்தியல் விழும்போது நடப்பது ஏற்புத்தானே? எனவே ஹாமர் பிரைஸ் ‘ஏற்புவிலை’. சுத்தியலை எல்லாம் தமிழுக்குள் இழுத்து வராதீர்கள்.

அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் விடை தயாராக இருக்கிறது. உருவம், அருவம், அருவுருவம். அருவ ஓவியம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.

கீழக்கரையிலிருந்து:

ஐயா, ‘அம்’ விகுதியைக் காட்டினால் போதாது, பழைய ஆட்சியும் வேண்டும். விற்பனை என்ற பொருளில் ஏலத்தைச் சங்கப் பாட்டில் தேடினால் ஏலக்காய்தான் கிடைக்கும். மலையாளத்தில் இன்றும் ‘லேலம்’. இந்தியில் ‘நீலாம்’. போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ இரண்டுக்கும் தாய். அவர்களுக்கு அது அரபியிலிருந்து போனது, ‘இஃலாம்’, அதாவது அறிவிப்பு. லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வாயில் நுழைந்ததும் முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது.

ரிசர்வுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து முத்து வியாபாரத்தில் விலையைச் சத்தமாகப் பேச மாட்டார்கள். துணிக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து முடிப்பார்கள். மாட்டுச் சந்தையிலும் துண்டு போட்டுப் பேசுவது உண்டு. ஊருக்கே தெரியும் ஏலத்துக்குள் ஒளிந்திருக்கும் விலைக்கு ‘மறைவிலை’ பொருந்தாதா?

இன்னொன்று. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்றவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. அரூப (அப்ஸ்ட்ராக்ட்) ஓவியத்துக்குக் கோடி கொடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

பாம்பனிலிருந்து:

ஐயாமார்களே, தினமும் ஏலத்தில் நிற்கிறவன் சொல்கிறேன். நாங்கள் ஏலம் ‘விடுவோம்’, வியாபாரி ஏலம் ‘கேட்பார்’. அவர் சொல்லும் தொகைக்குக் ‘கேள்வி’ என்று பெயர். மீனைக் குவித்து வைத்தால் ‘கூறு’. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், முடிந்தது. லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் விடும் சரக்குக்கு, கூறு என்றும் பிட்டுக்குக் கேள்வி என்றும் எழுதுங்கள், கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

மறைவிலை எல்லாம் எங்களிடம் கிடையாது. சீலா மீனை விற்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்வது? விலை ஏறாவிட்டால் படகுக்காரர் ஆளே நடுவில் நின்று ஒரு கேள்வி விட்டு ஏற்றிவிடுவார், அவ்வளவுதான். அதிலும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு என்றால் ஏலமே பாதி வேஷம். மீன் அவருக்குத்தான் போக வேண்டும், விலையும் அவர் வைத்ததுதான்.

தேவிபட்டினத்திலிருந்து:

பாம்பன் அண்ணே, கூறும் கேள்வியும் அருமை. நீங்கள் சொன்ன வேஷம் ஓவிய ஏலத்திலும் உண்டு. மறைவிலையைத் தொடும்வரை விற்பவர் சார்பில் ஏலக்காரரே கேள்வியை ஏற்றிக்கொண்டு போகலாம், நிபந்தனையிலேயே எழுதிவைத்துவிடுவார்கள். கேட்க ஆளில்லாமல் அரங்கின் சரவிளக்கைப் பார்த்துக் கேள்வி வாங்குவதாகத் தொழிலில் கேலி பேசுவார்கள். முன்பணத்துக்கும் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது. பெரிய படங்களை இழுக்க, ‘இவ்வளவு கட்டாயம் தருகிறோம்’ என்று நிறுவனம் விற்பவருக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடும்.

ஒரே சிக்கல். ஹாமருக்கு மூணு தரத்திலிருந்து சொல் செய்யப் பார்த்தேன். ‘மூன்றாந்தர விலை’ என்று வந்து நிற்கிறது. ஓவியர் கேஸ் போடுவார்.

தொண்டியிலிருந்து:

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சொல்லுக்கு முன்னால் படத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஓவியர் வி.எஸ். காய்தொண்டேயின் 1961ஆம் ஆண்டுப் படம் ஒன்று 2021இல் சாஃப்ரன்ஆர்ட் ஏலத்தில் 39.98 கோடி ரூபாய்க்குப் போனது. தலைப்பே இல்லாத படம். அந்த மனிதர் அப்ஸ்ட்ராக்ட் என்ற முத்திரையை ஏற்றதில்லை, தன் ஓவியம் ‘புறப்பொருள் சாராதது’ என்பார். நாம் எந்தச் சொல்லை வைத்தாலும் அவர் கோபித்துக்கொள்வார் என்பதால் பயமில்லாமல் வைக்கலாம்.

1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து எழுத்தாக இருக்கும், படித்தால் ஒன்றும் வராது. அதை அருவம் என்பதா? கண்ணுக்குத் தெரிகிறதே! சிறுபத்திரிகைகளில் ‘அரூப ஓவியம்’ என்றுதான் எழுதி வருகிறோம். ஓவியர் ஆதிமூலத்தின் வண்ணப் படங்களைப் பற்றி எழுதியவர்கள் இந்தச் சொல்லோடு சௌகரியமாகவே இருந்தார்கள். கலைஞர்கள் புழங்கும் சொல்லை விட்டுவிட்டுச் சித்தாந்தத்துக்கு ஏன் ஓட வேண்டும்?

அப்புறம், லாட் எண்ணுக்குச் சிலர் ‘உருப்படி எண்’ போடுகிறார்கள். அரூப ஓவியத்துக்கு உருப்படி எண்! கூறுதான் சரி.

பரமக்குடியிலிருந்து:

அம்மையீர், உரு இருக்க ரூபம் எதற்கு? ‘உரு’வே வடக்கே போய் ரூபமாகித் திரும்பியிருக்கிறது. நம் பிள்ளையை அடுத்த வீட்டுச் சட்டையோடு உள்ளே விடுகிறீர்கள். அருவம் என்றால் தெரியாதது என்று பொருள் இல்லை, வரையறுத்த வடிவம் இல்லாதது என்று கொள்ளலாமே. நிற்க, ‘கேள்வி’ என்ற சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கும் பாம்பனாருக்கு வணக்கம். வேள் – வேள்வி, கேள் – கேள்வி. இதை விட்டுவிட்டு அலுவலகங்களில் ‘பிட்’ என்கிறார்கள்.

கீழக்கரையிலிருந்து:

ரூபத்தை நாம்தான் ஏற்றுமதி செய்தோம் என்றால் இனி எதைத்தான் விட்டுவைப்பது, ஐயா? தேவிபட்டினம் தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு, மறந்துவிட வேண்டாம்.

சாயல்குடியிலிருந்து:

இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கணக்கு எழுதுகிறவன் என்பதால் பிரீமியம் பற்றி ஒரு வார்த்தை. வியாபாரிகள் சரக்கின் பேரில் போட்டுத் திரட்டும் ‘மகமை’ நம்மிடம் இருக்கிறது. விலையோடு சேராமல், அதன்மேல் தனியாக வைப்பது. ‘ஏல மகமை’ என்று போடலாமே?

கீழக்கரையிலிருந்து:

சொல்லில் குறையில்லை, ஆனால் மகமை கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் பொதுப்பணம். இது நிறுவனத்தின் வருமானம். 1975இல் கிறிஸ்டீஸ், சதபீஸ் ஏல நிறுவனங்கள் லண்டனில் வாங்குபவர் தலையில் பத்து விழுக்காடு வைத்தபோது ஓவிய வியாபாரிகள் கொதித்தார்கள். விற்பவரிடமும் வாங்கி, எடுப்பவரிடமும் வாங்கும் இரட்டைத் தரகுக்குத் தர்மத்தின் பெயரைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

பாம்பனிலிருந்து:

எங்கள் கமிஷன் விற்கிறவரிடம் மட்டும்தான். இரண்டு பக்கமும் பிடித்தால் கரையில் அடி விழும். ‘கமிஷன்’ என்றே போட்டுத் தொலையுங்கள், தம்பி.

தேவிபட்டினத்திலிருந்து:

நாளை அனுப்ப வேண்டும், ஆகையால் கை எண்ணிக்கைப்படி முடித்துவிட்டேன். கூறு, கேள்வி: மறுப்பு இல்லை. ரிசர்வுக்கு மறைவிலை, பரமக்குடி ஐயாவும் தலையசைத்துவிட்டார். அரூப ஓவியம் பெரும்பான்மை. பிரீமியத்துக்கு ‘வாங்குபவர் கட்டணம்’, யாருக்கும் பிடிக்கவில்லை, எல்லோருக்கும் புரிகிறது. ஹாமருக்கு ‘கேள்வி முடிந்த விலை’ என்று விளக்கமாக எழுதி, பக்கத்தில் கட்டணம் சேராதது என்று குறித்திருக்கிறேன். ‘ஏற்புவிலை’யைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. விற்பவர் ஏற்கும் விலை, அதாவது மறைவிலை, என்று யாராவது படித்துவிட்டால் சட்டச் சிக்கல்.

பரமக்குடியிலிருந்து:

அரூபத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஏலத்தின் வேர் பற்றித் தனிமடல் வரும், சற்று நீளமானது.

தொண்டியிலிருந்து:

சமகாலத்துக்கும் நவீனத்துக்கும் என்ன செய்தீர்கள்? ஏல நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனிப் பிரிவாக வைக்கின்றன. 2001இல் மறைந்த காய்தொண்டே அங்கே நவீனப் பிரிவில் இருப்பார். உங்கள் தமிழில் இரண்டுமே ‘தற்கால’ என்று ஆகியிருந்தால் அனுப்புமுன் மாற்றிவிடுங்கள்.